நான்காம் பாட்டின் மௌனம்

நம் இதழின் ராக் பக்கத்துக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடம் அந்தப் பக்கத்தை எழுதியவன் என்ற முறையில், உங்களுக்கு உதவும்படி எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் கேட்டார். உடனே உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எந்த பேண்டை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன், எந்தப் பாடகர் என் விமர்சனத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார் என்று ஒரே ஜம்பம். மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அதைக் கொடுக்கவில்லை. இதைக் கொடுக்கிறேன்.

முதலில் என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ராக் ஆல்பத்தை அதன் முதல் பாட்டை வைத்து எடை போடாதீர்கள். முதல் பாட்டு கல்யாண வீட்டு வாசல் மாதிரி, வாழைமரம் கட்டித்தான் வைத்திருப்பார்கள். ஏழாவது பாட்டைக் கேளுங்கள். இவ்வளவு தூரம் யார் வரப்போகிறார்கள் என்று பேண்டே அசந்திருக்கும் இடம் அது. இரட்டை ஆல்பம் போடுகிற பேண்டில் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல ஆளில்லை என்று அர்த்தம். முதல் ஆல்பத்தில் பத்து வருடத்துப் பாட்டு இருக்கும், இரண்டாவதில் எட்டு மாதத்துப் பாட்டுதான் இருக்கும். ஆகவே இரண்டாவதை அடிக்காதீர்கள், மூன்றாவது வரை பொறுங்கள். மேடைப் பதிவுகளில் கைதட்டல் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். கிட்டார் சோலோ ஒரு நிமிடத்தைத் தாண்டினால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். சுமாரான டிரம்மரை வைத்துக்கொண்டு உருப்பட்ட பேண்டு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

அப்புறம் நம் பக்கத்துக்கென்று ஒரு வியாதி உண்டு. கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ எந்த ஆல்பம் வந்தாலும் அலைச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும். சில்வர் பீச்சில் போனை நீட்டிப் பிடித்து எடுத்திருப்பார்கள். காதைக் கொடுத்துக் கேட்டால் பின்னால் சுண்டல் விற்பவர் குரல்கூட வரும்.

இப்படி எழுதினால் வாசகர்கள் ரசிப்பார்கள். புத்தகக் கடையில் நின்றபடியே என் பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டு இதழை வாங்காமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. யாரைப் பற்றி எழுதினாலும் குத்தலாக ஒரு வரி வைக்காமல் முடிக்க மாட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வைத்த அப்படி ஒரு வரியைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அப்போது நம் இதழின் ஆசிரியர் ஓர் அம்மையார். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு அறை அலுவலகம், ஒரு பழைய ஸ்பீக்கர் செட், ஒரு டீ பிளாஸ்க், அவ்வளவுதான் நம் ராஜ்யம். அவர் இரண்டு சட்டம் போட்டிருந்தார். எந்த ஆல்பத்தையும் மூன்று தடவை கேட்காமல் எழுதக்கூடாது. ஒரு தடவை அலுவலக ஸ்பீக்கரில், ஒரு தடவை ஹெட்போனில், ஒரு தடவை வீட்டில் ஏதாவது வேலை செய்துகொண்டே. இது முதல் சட்டம். தப்பாக எழுதிவிட்டால் அடுத்த இதழில் கட்டம் கட்டித் திருத்தம் போட வேண்டும், யார் தப்பு செய்தார், எப்படி நடந்தது என்று அதில் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. “தப்ப மட்டும் சொல்லிட்டு எப்படின்னு சொல்லலைன்னா அது திருத்தம் இல்ல, சமாளிப்பு” என்பார்.

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. என் வலது காது போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி வந்ததைக் கடலூரில் ஒரு காது டாக்டரிடம் காட்டினேன். இடது காது நன்றாக இருக்கிறது, வலதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் அந்தப் பக்கமே போகவில்லை. காதில் மெஷின் வைத்துக்கொண்டு ராக் விமர்சனம் எழுதுகிறவனை ஊர் என்ன சொல்லும்? வீட்டில்கூடச் சொல்லவில்லை. கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை, திமிர் ஜாஸ்தியாகிவிட்டது என்று மனைவி திட்டுவாள், அதையும் பொறுத்துக்கொண்டேன். கூட்டங்களில் எல்லோரும் எனக்கு இடது பக்கம் வரும்படி வரிசையின் வலது ஓரத்தில் போய் உட்காருவேன்.

ஸ்பீக்கரில் கேட்கும்போது பிரச்சினை இல்லை. இரண்டு ஸ்பீக்கரும் அறையை நிரப்பும், இடது காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஹெட்போனில் அப்படி இல்லை. வலது பக்கம் வருவது வலது காதுக்கு மட்டும்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஹெட்போன் சுற்றை விட்டுவிட்டு ஸ்பீக்கரிலேயே கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மையார் கேட்டால் மூன்று விதமாகவும் கேட்டாயிற்று என்பேன்.

அந்த நேரத்தில் கழிமுகம் என்று ஒரு பேண்டு தன் முதல் ஆல்பத்தை அனுப்பியது. ஐந்து பேர், எல்லோரும் சிதம்பரத்தில் படித்தவர்கள். பாடுவதும் முதல் கிட்டாரும் குணா என்ற பையன். இரண்டாவது கிட்டார் ஷமீமா, பரங்கிப்பேட்டைப் பெண். ஆல்பத்துக்கு ‘ஈரக்கயிறு’ என்று பேர். அலைச் சத்தம் இல்லை என்பதே எனக்கு ஆச்சரியம். அதைப் பற்றி அடுத்த மாத இதழில்தான் எழுதுவதாக இருந்தேன்.

இதழ் அச்சுக்குப் போகும் அன்று காலை சிதம்பரத்தில் என் வீட்டுக்கு அம்மையார் போன் செய்தார். என் பக்கத்தில் போக வேண்டிய கட்டுரையை ஏதோ காரணத்தால் எடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் வேறு விமர்சனம் வேண்டும். கழிமுகம் இருக்கிறது, வரும்போதே முடித்துவிடுகிறேன் என்றேன். பாசஞ்சர் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போனில் ஹெட்போனைச் செருகி, நாற்பது நிமிட ஆல்பத்தை ஒரே ஒரு தடவை கேட்டேன். வண்டி பரங்கிப்பேட்டையில் நின்றது, மீன் கூடைகள் ஏறின. கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். வலது பக்கம் எனக்கு வராது என்று தெரிந்துதான் கேட்டேன். சின்ன பேண்டுதானே, ஒரு காது போதும் என்று நினைத்தேன். பெரிய பேண்டு என்றால் அன்று அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பீக்கரில் இன்னொரு தடவை கேட்டிருப்பேன். நேரமும் இருந்தது.

எழுதியது இது: “அட்டையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். இசையில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். ஷமீமாவின் கிட்டாரை எல்லாப் பாட்டிலும் தேடினேன். அட்டைப் படத்தில் மட்டும் கிடைத்தது. நான்காம் பாட்டு இருபது வினாடி மௌனத்தோடு தொடங்குகிறது. இந்த ஆல்பத்தின் ஆகச் சிறந்த இடம் அதுதான்.”

மௌனத்தைப் பற்றி எழுதியது கிண்டல் இல்லை. அந்த இருபது வினாடி எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஒரு பாட்டைத் தொடங்குவதற்கு முன் இப்படி அமைதியாக இருக்க இந்த வயதில் எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன்.

அம்மையார் படித்துவிட்டு, “மூணு தடவ கேட்டீங்களா?” என்றார். கேட்டேன் என்றேன். அவர் அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

இதழ் வந்து பத்து நாள் கழித்து ஷமீமா அலுவலகத்துக்கு வந்தாள். அம்மையார் வெளியே போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐந்து நிமிடம் உபதேசம் செய்தேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எல்லோரும் அந்த மௌன வரியைத் தன்னைக் கிண்டல் செய்ததாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், தனக்கு மட்டும் அது எதைச் சொல்கிறது என்று புரியவில்லை, அதைக் கேட்கத்தான் வந்ததாகச் சொன்னாள்.

“நாலாவது பாட்டுல மௌனமே கெடையாது சார். நீங்க எத சொன்னீங்க?”

இருக்கிறதே என்றேன். அவள் பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்தாள். நான் ஸ்பீக்கரில் போடலாம் என்றேன். இதில்தான் சார் தெளிவாக இருக்கும் என்று கையில் கொடுத்துவிட்டாள். மாட்டிக்கொண்டேன். அவள் போனைத் தட்டினாள். நான் காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையே?” என்றேன்.

 கொஞ்ச நேரத்தில் குணாவின் கிட்டாரும் டிரம்மும் வந்து சேர்ந்தன. அவள் பாட்டை நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, வலது பக்கத்தை இடது காதில் வரும்படி திருப்பிக் கொடுத்தாள். மறுபடி போட்டாள்.

அந்த இருபது வினாடியும் கிட்டார் இருந்தது. தனியாக, அவசரமே இல்லாமல், கீழ்க் கம்பிகளில் ஒரு நடை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரத்தை மட்டும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே போனாள். அது போட்டுக்கொடுத்த வழியில்தான் பாட்டு முழுவதும் நடந்தது. அதைக் கேட்காமல்தான் நான் குணாவைப் பாராட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆல்பம் முழுக்கக் குணா இடது பக்கம், ஷமீமா வலது பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பதினோரு பாட்டிலும் அவள் வாசித்திருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எவ்ளோ நாளா சார் இப்பிடி?”

அவள் அன்று சொன்ன விவரம் இது. சென்னையில் ஒரு பெரிய இசை விழாவில் கழிமுகத்துக்கு மேடை கிடைத்திருந்தது. இடம் போதாது, நான்கு பேர்தான் வரலாம் என்று விழாக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். யாரை விடுவது என்று பேண்டில் இழுபறி. அந்த நேரத்தில்தான் என் பக்கம் வந்தது. ‘வெளியில கேக்குறவங்களுக்கே உன் கிட்டார் கேக்கல’ என்று குணா சொல்லிவிட்டான். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஹார்ட்வேர் கடை வைத்திருந்த அவள் வாப்பா, மகள் பேர் வந்திருக்கிறது என்று படிக்காமலே பத்து காப்பி வாங்கி, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வைத்திருந்தாராம். படித்துவிட்டு யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, “அடுத்த இதழ்ல ஒரு வரி போட்டுடுங்க சார். என்ன காரணம்னு போட வேணாம். நான் வாசிச்சிருக்கேன்னு மட்டும் போட்டா போதும்” என்றாள்.

போடுகிறேன் என்றேன். அத்தோடு விட்டிருந்தால் இன்று இதை இவ்வளவு வெட்கத்தோடு எழுத வேண்டியிருக்காது. அவள் எழுந்து கதவு வரைக்கும் போனதும் கூப்பிட்டேன்.

“என் காது விஷயம் யாருக்கும் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

இருபத்தோரு வயதுப் பெண்ணிடம் ஐம்பத்தெட்டு வயது ஆள் கையைப் பிசைந்துகொண்டு கேட்டேன். அவள் கதவிலிருந்து திரும்பி வந்தாள். பிறகு சரி சார், சொல்ல மாட்டேன் என்றாள். அதோடு போகவில்லை. என் போனை வாங்கினாள். செட்டிங்கில் எங்கெங்கோ போய் எதையோ மாற்றினாள். “இப்ப ரெண்டு பக்கமும் சேந்து ஒரே காதுலயே வரும் சார்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த இதழில் அந்த வரி வரவில்லை. நான் எழுதாமல் இல்லை, நான்கு தடவை எழுதினேன். ஆனால் அம்மையாரிடம் கொடுத்தால் எப்படி நடந்தது என்று கேட்பார். ஹெட்போன் பழுது என்று சொல்லலாம். அப்படியானால் ஸ்பீக்கரில் கேட்டபோது தெரியவில்லையா என்பார். கேட்கவில்லை என்றால் மூன்று தடவை கேட்டேன் என்று சொன்னது பொய். எந்தப் பக்கம் போனாலும் என் முகத்தில்தான் வந்து முட்டியது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். இருபதாம் தேதி வந்தது, போனது. கழிமுகம் நான்கு பேராகச் சென்னைக்குப் போய் வாசித்துவிட்டு வந்தது. அதற்கு அடுத்த மாதம் திருத்தம் போட்டு என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஷமீமா போன் செய்யவே இல்லை. செய்வாளோ என்று பயந்து, புது எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் இரண்டு மாதம் இருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் அப்போது ஒரு ஆயுதம் இருந்தது. ‘எழுதினவருக்கு ஒரு காது கேக்காது’ என்று குணாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் விமர்சனம் குப்பைக்குப் போயிருக்கும், அவள் மேடைக்குப் போயிருப்பாள். அவள் சொல்லவில்லை. நான் என் வாக்கைக் காப்பாற்றவில்லை, அவள் அவளுடைய வாக்கைக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் இந்தப் பக்கத்தை எழுதினேன். ‘ஐயாவின் காது நுணுக்கமான காது’ என்று கடிதங்கள் வந்தன. அவள் மாற்றி வைத்த செட்டிங்கில்தான் எல்லாவற்றையும் கேட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் மெஷின் வைத்துக்கொண்டேன். அம்மையாரிடமும் அப்போதுதான் சொன்னேன், ஷமீமா விஷயத்தையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “காது விஷயத்த சொல்லியிருந்தா பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சிருப்பேனே” என்று மட்டும் சொன்னார். அவ்வளவு சுலபமாகத் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம். 

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அபிப்பிராயம் தப்பாகப் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் எத்தனையோ ஆல்பங்களைத் தப்பாக எடை போட்டிருக்கிறேன், யாரும் செத்துப்போகவில்லை. ஆனால் ஒரு ஆளை இல்லை என்று எழுதும் முன்னால், அந்த ஆள் உங்கள் காதில் விழும் இடத்தில் நீங்கள் இருந்தீர்களா என்று பாருங்கள். சின்ன பேண்டு என்றால் இன்னும் ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள். பெரிய பேண்டுக்கு உங்கள் பக்கம் ஒரு பக்கம். சின்ன பேண்டுக்கு அதுதான் தீர்ப்பு. தப்பு நடந்தால் அந்த மாதமே சொல்லுங்கள்.

இதை எழுதி உங்களிடம் கொடுக்கலாமா என்று கேட்க ஷமீமாவின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். காரைக்காலில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள். கிட்டார் வாசிக்கிறாயா என்று கேட்கத் துணியவில்லை, அவளும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும், “வாப்பாகிட்ட மொதல்ல சொல்லிட்டு அப்புறம் எங்க வேணா போடுங்க சார்” என்றாள். இவ்வளவு வருடத்தில் நீ அவரிடம்கூடச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்ல சார்.”

போன வாரம் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்துக்கொண்டு போனால் நடக்கிற தூரம்தான் அவள் வாப்பாவின் கடை. பெயரைச் சொன்னதும் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே ஆரம்பித்தார். நான் எழுதியதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். அந்த ஆல்பத்தைக் கடையில் போட்டுக் கேட்டபோது கிட்டார் சத்தம் வந்தது, ஆனால் எது யார் வாசிக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும், தெரிந்தவர்கள் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும் என்றார். இன்னும் நன்றாகப் பழகிக்கொண்டு அப்புறம் மேடை ஏறலாம் என்று அன்று மகளுக்குப் புத்தி சொன்னாராம். கொஞ்ச நாளில் அவள் கிட்டாரைத் தொடுவதையே விட்டுவிட்டாளாம்.

டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காது, ரயில், ஹெட்போன், அவளிடம் வாங்கிக்கொண்ட வாக்கு, போடாமல் விட்ட வரி. எதையும் குறைக்கவில்லை. நடுவில் ஒருவர் குழாய் கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அப்ப எம்புள்ள வாசிச்சிச்சா சார்?” என்றார்.

“வாசிச்சாங்க பாய். எல்லாப் பாட்டுலயும் வாசிச்சாங்க.”

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கல்லாப் பெட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

“அந்த புக்கு வந்த அன்னிக்கே அவ சொன்னா சார், நான் வாசிச்சிருக்கேன் வாப்பா, அவுங்களுக்குத்தான் கேக்கலன்னு. அச்சுல வந்திருக்கு, நீ பொய் சொல்றியான்னு அடிச்சிட்டேன்.”